கப்பல் பொண்ணின் இடுப்புப் பை

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து, கரண்டு கணக்கு எடுக்க வருகிறவர், ஆட்டுக்கு ஊசி போட வருகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர், யாராக இருந்தாலும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். வேண்டாம், நேரமாச்சு என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. அவர்களுடைய பையையோ செருப்பையோ எடுத்து ஒளித்து வைத்துவிடுவோம். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்போம். என் மருமகளின் அப்பா ஒருதடவை செருப்பைத் தேடி மாட்டுக் கொட்டாய் வரைக்கும் போய்வந்தார். அது ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் இருந்தது. இன்றைக்கும் விசேஷத்துக்கு வந்தால் முதலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "சம்பந்தி, இத எங்க வைக்கட்டும், நீங்களே சொல்லிடுங்க" என்பார். யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டது கிடையாது. பை ஒளிக்காத வீட்டில் பாசம் இல்லை என்று பேசுவார்கள்.

அந்தப் பாசத்தை நான் ஒரு கப்பல் பொண்ணுக்குக் காட்டப் போனேன். அன்றைக்கு நடந்ததை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். முதியோர் பள்ளியில் படித்த எழுத்துதான் எனக்கு. மெல்லத்தான் வரும். எழுத்து தப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், சேதி தப்பாக இருக்கக்கூடாது என்று நானே எழுதி வைக்கிறேன்.

மார்கழி மாசம். விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற சமயம். என் மருமகள் மகளிர் குழுவில் இருக்கிறாள். அவர்கள் மூலமாகத்தான் சேதி வந்தது. வெளிநாட்டுப் பொண்ணு ஒருத்தி விவசாயி வீட்டைப் பார்க்க வருகிறாள், ஒருநாள் காலை மட்டும், உங்கள் வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். அனுப்புங்கள் என்றேன். முதல் நாள் விழுப்புரத்தில் தங்கிவிட்டுக் காலை எட்டு மணிக்கெல்லாம் காரில் வந்து இறங்கினாள். துணைக்கு ஒரு மெட்ராஸ் பொண்ணு. அவள்தான் இரண்டு பேச்சும் தெரிந்தவள். கையில் கடிகாரம் கட்டியிருந்தாள், எங்கள் முகத்தைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தாள்.

வந்தவளுக்கு இருபது வயசுகூட இருக்காது. வெயிலில் மூக்கு மட்டும் தக்காளி போலச் சிவந்திருந்தது. கும்பிடு போட்டாள். எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று கேட்டேன். மெட்ராஸ்காரி சொன்னாள், "கப்பல்லேந்து வர்றாங்கம்மா."

"கப்பல்ல வந்தது சரி, படிக்கிறது எங்க?"

"கப்பல்லதான் படிப்பு. கப்பலே காலேஜு. நாடு நாடா போயிக்கினே படிக்கிறாங்க. மெட்ராஸ் ஹார்பர்ல கப்பலு நிக்குது."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "பெஞ்சு, போர்டெல்லாம் இருக்குதா?"

"எல்லாம் இருக்குது. பெரிய அலை வந்தா நோட்டெல்லாம் ஒரு பக்கமா சறுக்கிக்கினு போவுமாம்."

"எத்தினி நாளு?"

"நூறு நாளுக்கு மேல."

நான் கன்னத்தில் கை வைத்துவிட்டேன். மரக்காணம் இங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை. அங்கே நான் இரண்டே தடவைதான் கடலைப் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் கால் நனைந்ததும் கரைக்கு ஓடிவந்துவிட்டேன். இவள் அதன் மேலேயே தூங்கி எழுந்து, சோறு தின்று, பரீட்சை எழுதுகிறாளாம். "பெத்தவ எப்படிம்மா ஒத்துக்கினா?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். "அவங்க அம்மாதான் போன்னு அனுப்பிச்சாங்களாம்" என்றாள் மெட்ராஸ்காரி.

வாசல் அறையில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் நிலத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக வேலைக்கு வருகிறவள். நடவு, களையெடுப்பு, மல்லாட்டை உடைப்பது, எதற்கும் அவள்தான். புருஷன் இல்லை. என் வயசுதான் இருக்கும், ஆனாலும் நான் அவளை வாடி போடி என்பேன், அவள் என்னை அம்மா என்பாள், என் பிள்ளையை அண்ணன் என்பாள். எங்கள் வீட்டுச் சாவி எங்கே தொங்குகிறது என்று என் பிள்ளைக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

"தண்ணி மேல நூறு நாளுன்னா, மாப்ள வூட்டுக்காரங்க எங்கம்மா போயி பொண்ணு பாப்பாங்க? படகுலயா?" என்றாள் அவள். மெட்ராஸ்காரி அதைச் சொன்னதும் கப்பல் பொண்ணு விழுந்து விழுந்து சிரித்தாள். போய் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தானும் மல்லாட்டையைக் கையில் எடுத்து உடைக்க ஆரம்பித்தாள். பாதிக்குப் பாதி பருப்பைக் காயப்படுத்தினாள். "இது முளைக்காது கண்ணு, வாயில போடு" என்று இவள் சொல்ல, அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.

பிறகுதான் மெட்ராஸ்காரி அந்தப் பேச்சை எடுத்தாள். "அம்மா, பதினொண்ணரைக்கு நாங்க கெளம்பிடுவோம். சாப்பாடு எதுவும் செய்யாதீங்க. வெளிய சாப்ட்டா இவங்களுக்கு வவுறு ஒத்துக்காதுன்னு கப்பல்ல சொல்லி அனுப்பியிருக்காங்க. திண்டிவனத்துல ஓட்டல் பாத்து வச்சிருக்குது. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கப்பல்ல ஏறலன்னா கப்பலு நிக்காது, போயிடும். அப்பால வேற நாடுதான்."

ஓட்டல். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஓட்டல் என்றாள். காலையிலேயே நான் சேவலைப் பிடித்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டிருந்தேன். ஆகட்டும் என்று தலையை ஆட்டினேன்.

கப்பல் பொண்ணுக்கு நிலத்தைப் பார்க்க ஆசை. மோட்டார் கொட்டாயில் தண்ணீர் கொட்டுவதைக் கேட்டதும் இறங்கிக் குளிக்கலாமா என்று கேட்டாள். இடுப்பில் பெல்ட்டு மாதிரி ஒரு சின்னப் பை கட்டியிருந்தாள், நீல நிறம். அதைக் கழற்றினாள். மெட்ராஸ்காரி கையை நீட்டினாள். அவளிடம் கொடுக்கவில்லை. நேரே வந்து என் இரண்டு கையிலும் வைத்து, என் கை மேல் தன் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். "நனைஞ்சிடக்கூடாதாம்மா, பத்திரமா வச்சிருங்க" என்றாள் மெட்ராஸ்காரி. என் மருமகள் அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கழனிக்குப் போனாள்.

பை என் கையில் இருந்தது. தானாக வந்து கையில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

அறை மூலையில் மல்லாட்டை மூட்டைகள் அடுக்கியிருந்தன. விதைக்கு எடுத்தது போக மீதி, என் பிள்ளை மறுநாள் திண்டிவனம் கமிட்டிக்கு ஏலத்தில் விற்க ஏற்றிப்போவதாக இருந்தான். மேலே இருந்த மூட்டைக்கு வாய் தைக்கவில்லை. உடைக்கிறவள் பருப்பைப் புடைக்க வெளியே போயிருந்தாள். நான் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பையை உள்ளே தள்ளி, மேலே மல்லாட்டையை மூடி, கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளுக்குள் சிரிப்புத்தான். ஓட்டலா, பார்க்கலாம் என்று நினைத்தேன்.

பின்பக்கம் போய்க் கோழியை அறுத்து அடுப்பில் ஏற்றினேன். மிக்ஸியில் மிளகாய் அரைத்தேன். நடுவில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வந்தவர்களின் காரைத் திருப்பி நிறுத்துகிறார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அவர்கள் திரும்பி வரும்போது பதினொன்று. கப்பல் பொண்ணு தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்து, காலில் சேறோடு, பின்பக்கமாகவே வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள். ஏதோ கேட்டாள். மெட்ராஸ்காரி நெற்றியைத் தட்டிக்கொண்டாள். "எனக்குக் கொஞ்சம் குடுப்பீங்களான்னு கேக்கறாங்கம்மா."

நான் திகைத்துப்போனேன். அவளே கேட்கிறாள். இலை போடுகிற வரைக்கும்கூட நிற்கவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேப்பைக் களியைக் கோழிக் குழம்பில் தொட்டு, கண்ணில் தண்ணீர் வர வர, மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்று உருண்டை சாப்பிட்டாள். மெட்ராஸ்காரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தானும் இரண்டு உருண்டை சாப்பிட்டாள். ஒளிக்காமலே இருந்திருக்கலாம்.

கப்பல் பொண்ணு கை கழுவிவிட்டு என்னைப் பார்த்து இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். நான் சிரித்துக்கொண்டே அறைக்குள் போனேன்.

மூலை காலியாக இருந்தது. மூட்டை இருந்த இடத்தில் தூசியும் நாலைந்து மல்லாட்டைத் தோலும்தான் கிடந்தன.

"மூட்ட எங்கடி?" என்று உடைக்கிறவளைக் கேட்டேன்.

"அண்ணன் ஏத்திக்கினு போயிடுச்சே. நாளைக்கு கமிட்டி லீவாம். குட்டியானை வண்டிய கூட்டியாந்து அரமணி நேரத்துல ஏத்திட்டாங்க."

அதற்குள் மெட்ராஸ்காரி உள்ளே வந்தாள். "அம்மா, பை?" என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இங்கதான் வச்சேன். காணோம்."

அது பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

மெட்ராஸ்காரி கத்த ஆரம்பித்துவிட்டாள். "அதுலதான்ம்மா பாஸ்போர்ட்டு, கப்பல் அட்டை எல்லாம் இருக்குது. அது இல்லன்னா ஹார்பர் கேட்டுக்குள்ளயே உடமாட்டாங்க. கப்பலு போயிட்டா இந்தப் பொண்ணு இங்க தனியா நிக்கணும்." அவள் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். "யாராச்சும் உள்ள வந்தாங்களா?" என்று கேட்டாள்.

என் மருமகள் உடைக்கிறவளைப் பார்த்து மெல்லச் சொன்னாள், "உள்ள இருந்தது இவங்க ஒருத்திதான்."

வாசலில் நின்றவர்களில் ஒருத்தி, "அப்ப மடிய அவுத்துப் பாக்கறதுதானே" என்றாள்.

நான் சொல்லியிருக்கலாம். நான்தான் வைத்தேன், மூட்டைக்குள் இருக்கிறது என்று சொல்ல இரண்டு விநாடி போதும். சொல்லவில்லை. நாலு பேருக்கு முன்னால், சோறு திணிக்கிறதற்காக விருந்தாளியின் பையைத் திருடிய கிழவி என்று நிற்பதா? சந்தடி இல்லாமல் பிள்ளைக்குப் போன் போட்டு, மூட்டையை இறக்கச் சொல்லி, இதோ இங்கே இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிடலாம். அப்படித்தான் என் புத்தி ஓடியது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நகர்ந்து போய் என் போனை எடுத்துப் பிள்ளையின் படத்தை அமுக்கினேன்.

அதற்குள் அவள் எழுந்து நின்றாள். மடியிலிருந்து மல்லாட்டை சடசடவென்று தரையில் கொட்டியது. யாரும் தொடவில்லை அவளை. அவளே மடியை அவிழ்த்தாள். சுருக்குப் பையை வெளியே எடுத்துத் தலைகீழாக உதறினாள். கொஞ்சம் பாக்கு, வாடின வெற்றிலை ஒன்று, சர்க்கரை மாத்திரை அட்டை. முந்தானையை விரித்து உதறினாள். "பாத்துக்குங்கம்மா" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். கோபமாக இல்லை. களை எடுத்த பாத்தியைக் காட்டுகிற மாதிரி சொன்னாள்.

கப்பல் பொண்ணுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் "நோ, நோ" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, தரையில் கிடந்த பாக்கைப் பொறுக்கி அவள் கையில் வைத்தாள். அழுதாள்.

அப்போது அறை அலமாரியில் ஒரு போன் அடித்தது. என் பிள்ளையின் போன். சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறான்.

மருமகள் எடுத்துப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "நீங்கதான் கூப்புடறீங்க. இப்ப எதுக்கு அத்த அவருக்குப் போன் பண்றீங்க?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் சொன்னேன். "நான்தான் ஒளிச்சு வச்சேன். சாப்புடாம போயிடப் போறாளேன்னு. மல்லாட்ட மூட்டைக்குள்ள."

வாசலில் மடியைப் பார்க்கச் சொன்னவள் நான் சொல்வதற்கு முன்பே அடுத்த தெருவுக்குச் சேதி சொல்லப் போய்விட்டாள். அவள் கொண்டுபோன சேதியில் நான் இல்லை.

உடைக்கிறவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எந்த மூட்டம்மா? வாய் தெக்காத மூட்டையா?"

"ஆமாண்டி."

"அத நான்தான் தெச்சேன். சணல் தீந்துபோச்சு, என் பொடவ ஓரத்தக் கிழிச்சுத் தெச்சேன். பச்சை. நான் வந்தா காட்டறேன். ஜல்தி கெளம்புங்க."

காரில் அவளும் நானும் கப்பல் பொண்ணும் பின்னால். கப்பல் பொண்ணு நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் மெட்ராஸ்காரி போனில் இங்கிலீஷில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டே வந்தாள். வழியில் ஒரு இடத்தில் ரோட்டை மறித்து ஆட்டு மந்தை போயிற்று. நான் வாழ்க்கையில் ஆட்டைப் பார்த்து அப்படி நடுங்கியதில்லை.

கமிட்டி வாசலில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் எங்கள் நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "கப்பலு மல்லாட்ட மூட்டைக்குள்ள போயிடுச்சா? நல்லா தேடுங்க, ஏரோப்ளேன் கூட கெடைக்கும்" என்றார். உள்ளே கொட்டகை முழுக்க மல்லாட்டைக் குவியல். வியாபாரிகள் கையில் அள்ளி நசுக்கிப் பார்ப்பதற்காக ஒவ்வொருத்தர் மூட்டையையும் அவிழ்த்துத் தரையில் கொட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே நிறம். என் பிள்ளை எங்களைப் பார்த்ததும், யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடிவந்தான். விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "யம்மா, நீ என்ன கொழந்தையா? பாதி கொட்டியாச்சே!"

எங்கள் குவியலுக்குப் பக்கத்தில் கொட்டாத மூட்டை மூன்று நின்றன. உடைக்கிறவள் குனிந்து ஒவ்வொன்றாக வாயைப் பார்த்தாள். மூன்றாவதில் நின்றாள். பச்சைத் துணி. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, கையை உள்ளே விட்டாள். ரொம்ப நேரம் துழாவினாள். என் உயிர் அவள் கைக்குள் இருந்தது. நீல நிறம் தெரிந்தது.

அவள் அதை என்னிடம் நீட்டவில்லை. புழுதியைத் தன் முந்தானையில் துடைத்து, கப்பல் பொண்ணு இடுப்பில் தானே கட்டிவிட்டாள்.

அந்தப் பொண்ணு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடமும் வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் ஒளித்தேன் என்று மெட்ராஸ்காரி காரிலேயே சொல்லியிருப்பாள் போல. கப்பல் பொண்ணு தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, நிறைந்துவிட்டது என்று கையை விரித்து, அழுத கண்ணோடு சிரித்தாள். "மணி ஒண்ணரை, வண்டி எடுங்க" என்று மெட்ராஸ்காரி கத்தினாள். கார் மெட்ராஸ் ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

பிள்ளைக்குக் கமிட்டியில் வேலை இருந்தது. நானும் அவளும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். முப்பது வருஷத்தில் அதுதான் முதல்தடவை என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளே கேட்டாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"அண்ணன் போன எடுத்துக்கினு போயிருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களாம்மா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பிள்ளை போனை எடுத்திருப்பான். மூட்டையை இறக்கியிருப்பான். பை கிடைத்திருக்கும். எங்கே கிடைத்தது என்று நான் எதையாவது சொல்லியிருப்பேன். அவள் மடி அவிழ்ந்தது அவிழ்ந்ததாகவே இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணுக்கு இந்தக் கப்பல உட்டா இன்னொரு கப்பலு வரும். எனக்கு இந்த ஊரு ஒண்ணுதாம்மா" என்றாள். நிறுத்தம் வந்ததும் எனக்கு முன்னால் இறங்கினாள்.

ஊரில் குழாயடியில் கூட்டம் இருந்தது. எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே நின்று, மடியைப் பார்க்கச் சொன்னவளைக் கூப்பிட்டு நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பையை ஒளித்தது நான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றது நான். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இவள். குடம் நிறைந்து வழிந்தது, ஒருத்தியும் குழாயை மூடவில்லை. சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் கேட்க நிற்கவில்லை. தன் தெருவுக்குப் போய்விட்டாள்.

ஆறு மணிக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. மருமகள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஆறேகாலுக்கு அடித்தது. மெட்ராஸ் ரோட்டில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டதாம், கேட்டை மூட இருந்த சமயத்தில் ஓடிப்போய் ஏறிவிட்டாளாம். படம் ஒன்று வந்தது. பெரிய இரும்புச் சுவர் மாதிரி கப்பல், அதன் படியில் நின்று இடுப்புப் பையைத் தூக்கிக் காட்டுகிறாள். அதற்கப்புறம்தான் போய் அடுப்பை மூட்டினேன்.

மறுநாள் காலையில் உடைக்கிறவள் வருவாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள், எப்போதும் வருகிற நேரத்துக்கே. உள்ளே வருவதற்கு முன்னால் படியில் நின்றாள். மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். வாசல் சுவர் மேல், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற இடத்தில் வைத்தாள்.

"எடுத்து மடியில வைடி" என்றேன்.

"இருக்கட்டும்மா. போவும்போது எடுத்துக்கறேன்."

முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விதை போட்டு, முளைத்து, இப்போது பூ வைத்துவிட்டது. சுருக்குப் பை இன்னும் தினமும் அந்தச் சுவர் மேல்தான் இருக்கிறது.